பசைச்சட்டிக் களிம்பு

எங்கள் குடும்பத்தில் யாரும் கைநாட்டு வைத்ததில்லை. என் அப்பா மூட்டை தூக்கியவர்தான். ஆனாலும் சரக்கை ஒப்படைக்கும் இடத்தில் மற்றவர்கள் மைப்பெட்டியில் விரலைத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் பேனாவைக் கேட்டு வாங்குவார். பெயரை முழுதாக எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டின் முனையில் ஒரு புள்ளி வைப்பார். அந்தக் கோடும் புள்ளியும் எனக்கு வந்தன. என் மகளுக்கும் வந்திருக்கின்றன.

ஆகவே, மகளின் பதிவுத் திருமணத்தில் பெண் வீட்டுச் சாட்சியாக நான் நிற்க வேண்டும் என்று முடிவானதும், முதல் வேலையாகப் புதுப் பேனா ஒன்று வாங்கினேன். அதைச் சட்டைப்பையில் தெரியும்படி குத்திக்கொண்டுதான் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கல்யாணத்துக்கு முன்பே சாட்சிகளை ஒருமுறை சரிபார்ப்பார்களாம். மாப்பிள்ளை வீட்டுச் சாட்சியாக என் சம்பந்தி, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, வந்திருந்தார்.

அதிகாரி ஒரு பெண். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மேசையின் மேல் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. அதன் தலையில் ஒரு கண்ணாடிச் சில்லு.

"கட்டைவிரலை இதுல வைங்க ஐயா."

"கையெழுத்துப் போடுறேனே."

"அது கல்யாணத்தன்னைக்கு. இப்ப விரல்."

"நாங்க கையெழுத்துப் போடுற குடும்பம்மா."

"எல்லாரும் போடுறவங்கதான் ஐயா. நீங்கதான் நீங்களான்னு இது பார்க்கணும். அடையாள அட்டை வாங்கும்போது குடுத்தீங்கள்ல, அந்த ரேகையோட ஒத்துப்போகணும்."

வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. மற்ற விரலை வைத்தேன். அதுவும் சிவப்பு. விரலின் மேல் ஊதிப் பார்க்கச் சொன்னார். ஊதினேன். கருவி என்னை அடையாளம் தெரியாத ஆளாகவே பார்த்தது.

நான் புத்தகம் பைண்டு செய்கிறவன். தாளை மடித்து அழுத்துவதற்கு மற்ற பட்டறைகளில் மரத்துண்டு வைத்திருப்பார்கள். எனக்குக் கட்டைவிரலே போதும். நான் விரலால் இழுத்த மடிப்பு எத்தனை வருடமானாலும் வாய் பிளக்காது. அதற்கான விலையைத் தாள் என் விரலிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது போலும். ஈரப்பசையெல்லாம் போய், தோல் வெடித்து, ரேகை இருந்த இடம் தேய்ந்த படிக்கட்டு மாதிரி ஆகியிருந்தது.

அடுத்து சம்பந்தி வைத்தார். விரல் கண்ணாடியில் முழுசாகப் படுவதற்குள் பச்சை விளக்கு எரிந்து 'டிங்' என்று ஒரு மணியும் அடித்தது.

"எனக்கு மட்டும் மணி வேற அடிக்குது பாருங்க," என்று சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார். "என்ன சம்பந்தி இது, கையா, உப்புத்தாளா? உங்களோட கைகுலுக்கினா என் கை பாலிஷ் ஆயிடும் போலிருக்கே!"

அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "அன்னைக்கும் ரேகை விழலைன்னா நீங்க சாட்சியா நிக்க முடியாதுங்க ஐயா. வேற யாரையாவது வெச்சுக்கணும்."

"அதுக்கென்ன, எங்க அண்ணன் சும்மாதானே இருக்காரு," என்றார் சம்பந்தி. "பொண்ணு வீட்டுச் சாட்சியா அவரை நிக்க வெச்சுட்டாப் போச்சு."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அது எனக்கும் தெரியும். ஆனால் என் மகளின் கல்யாணத்தில், என் வீட்டுப் பக்கத்தில், அவர்கள் வீட்டு அண்ணன் பேனா பிடிப்பதா? எனக்குக் காது இரண்டும் சுட்டன.

சம்பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தனியாளாக ஒரு ஃப்ரிட்ஜை முதுகில் சாய்த்து மாடிப்படி ஏற்றிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர், வீட்டில் எண்ணெய்களைக் கலந்து முகத்துக்கும் கைக்கும் க்ரீம் காய்ச்சுகிறார். வாயு ஏற்றும் குழாய்களைத் தொட்டுத் தொட்டுத் தோல் உரிந்ததில் தொடங்கிய பழக்கமாம். நாங்கள் முதன்முதலாக அவர்கள் வீட்டுக்குப் போனபோது, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து எங்கள் மூக்கடியில் நீட்டினார். வீடு திரும்பியதும் என் மனைவியிடம், "ஆம்பளை க்ரீம் காய்ச்சுறான்மா," என்றேன்.

"நீங்க பசை காய்ச்சுறீங்க. அவரு காய்ச்சுறது வாசனையாவாவது இருக்கு," என்றாள்.

அன்று அலுவலகப் படியிறங்கும்போது சம்பந்தி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். "காலையிலயும் ராத்திரியிலயும் போடுங்க. ரேகை எழும்பி வந்துடும்." மரியாதைக்குத் திறந்து பார்த்தேன். மேலே தண்ணீர் நின்றது. கீழே கட்டி கட்டியாக இருந்தது. என் பட்டறையில் ஒரு பையன் இப்படிப் பசை காய்ச்சினால் அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

"வேண்டாம் சம்பந்தி. எங்க வீட்லயே இருக்கு," என்று மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டில் அப்படி எதுவும் இல்லை. சொல்லியாகிவிட்டது. இனி இருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம், பட்டறை ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் காரியத்தில் இறங்கினேன். எங்கள் தொழிலில் பசைச்சட்டி என்று ஒன்று உண்டு. பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கும். அதற்குள் சிறிய சட்டியில் பசை உருகும். நெருப்பு நேராகப் படாததால் பசை கருகாது. சம்பந்தியும் இதே முறையில்தான் எண்ணெயைச் சூடாக்குவதாகச் சொல்லியிருந்தார். ஆக, பாதி வித்தை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டேன். சிறிய சட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். சமையலறையிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் ஊற்றினேன். தேன்மெழுகு எங்களிடம் எப்போதும் இருக்கும். தைக்கும் நூலை அதன்மேல் இழுத்துவிட்டால் நூல் பிசிறாது, இற்றுப்போகாது. நூலுக்கு மெழுகு ஏற ஏற ஆயுசு கூடும். விரலுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று எண்ணெய்க்குச் சரிபாதியாக மெழுகைப் போட்டேன்.

ஆறியதும் கரண்டியை விட்டால் கரண்டி வளைந்தது. கத்தியால் சுரண்டி எடுத்து, சூடு பறக்கத் தேய்த்து விரலில் ஏற்றினேன். விரல் பளபளவென்று ஆகிவிட்டது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது, எங்கள் தெரு நாய் என் பின்னாலேயே வந்தது. இத்தனை வருடமாக என்னை ஏறெடுத்தும் பார்க்காத நாய். எவ்வளவு தேய்த்தும் சட்டியில், மாட்டுத்தோலைக் காய்ச்சிச் செய்த பழைய தோல்பசையின் வாடை இருந்திருக்கிறது. அது அந்த நாய்க்குப் பிடித்திருக்கிறது.

வாசலில் நின்ற மனைவி நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருங்க, உங்க சிநேகிதரா? உள்ள கூப்பிடுங்க, டீ போடுறேன்."

"வேலையைப் பாரு."

"என் எண்ணெய்க் கிண்ணம் எங்க போச்சுன்னு காலையிலேருந்து தேடுறேன். இப்பத்தான் வாசனை வருது."

மகள் தன் போனை எடுத்து வந்தாள். விரலை வைத்தால் திறக்கும் போன் அது. அதில் என் ரேகையைப் பதிய முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம் என்பது அவள் யோசனை. வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் படித்தாள்.

"என்னம்மா சொல்லுது?"

"விரலை வைக்கச் சொல்லுதுப்பா."

"வெச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"அதுக்குத் தெரியலப்பா."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் விரலின் மேலிருந்த மெழுகை நகத்தால் கிளப்பினாள். அது விரலுக்குப் போட்ட தொப்பி மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, மாமா குடுத்த டப்பாவை ஏன் வாங்கல?"

"அதுல தண்ணி நிக்குதும்மா. வேலை சுத்தமில்ல."

"அதுக்காகவா?"

நான் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குச் சாட்சியா மாமாவோட அண்ணன் வேண்டாம்ப்பா. எனக்குப் பக்கத்துல நீங்க நிக்கணும். கோடு இழுத்துப் புள்ளி வைக்கணும். உங்க விரலுக்கு யாரு க்ரீம் காய்ச்சினா என்ன?" என்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள். அந்த மெழுகுத் தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் காலையில் சம்பந்தி பட்டறைக்கு வந்து நின்றார். கக்கத்தில் ஒரு புத்தகம். ஏதோ ஒரு ஃப்ரிட்ஜைப் பிரித்து மாட்டும் விளக்கப் புத்தகம். முதுகு பிளந்து கிடந்தது.

"இதைக் கொஞ்சம் கட்டிக் குடுக்கணும் சம்பந்தி."

"அவசரமா?"

"அவசரமெல்லாம் இல்ல. இந்த மாடலை இப்ப உலகத்துல எவனும் வெச்சிருக்கல."

அவருடைய இன்னொரு கையில் ஒரு பை. அதற்குள்ளிருந்து எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் விளிம்பும் நான் திருப்பிக் கொடுத்த டப்பாவும் எட்டிப் பார்த்தன. யார் யாருக்குப் போன் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் கண் என் மேசைக்குப் போனது. தாள்கள் பறக்காமலிருக்க நான் காய்ச்சிய கட்டியை அதன்மேல் வைத்திருந்தேன்.

"இது என்ன, மெழுகுவத்தியா? திரி எங்க?"

"க்ரீம்," என்றேன்.

அவர் அதைக் கையிலெடுத்தார். மேசையில் தட்டினார். 'டொக்' என்றது. அப்படியே தாள்கட்டின் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர், விக்கல் வந்த பிறகுதான் நிறுத்தினார். "சம்பந்தி... இதை விரல்ல போடுறதா, இல்ல விரலை இதால அடிக்கிறதா?"

நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு அவர் பையிலிருந்த டப்பாவை எடுத்துத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல ஏன் தண்ணி நிக்குது?"

சிரிப்பு நின்றது. "அது எப்பவும் அப்படித்தான். கலக்கிட்டுப் போட்டுக்கணும்."

"ரோஸ் வாட்டர் ஊத்துறதா அன்னைக்கு உங்க வீட்ல சொன்னீங்களே, அதை எங்கேருந்து எடுத்து ஊத்துறீங்க?"

"ஃப்ரிட்ஜிலேருந்து. எங்க வீட்ல எல்லாமே ஃப்ரிட்ஜிலதான் இருக்கும். செருப்பு மட்டும்தான் வெளியில."

"சூடான பசையில சில்லுனு தண்ணியை ஊத்துறவனை நாங்க பட்டறைக்குள்ளயே விடமாட்டோம். கொதி மெழுகு அதைப் பார்த்ததும் வெறைச்சுப் போயிடும். அப்புறம் தண்ணி தனி, கட்டி தனி. ரெண்டும் ஒரே சூட்டுல சேரணும். சேர்ந்தப்புறம் ஆறுற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது."

அவர் டப்பாவைப் பார்த்தார். நான் என் கட்டியைப் பார்த்தேன்.

"அடுப்பைப் பத்த வைங்க," என்றார் கடைசியில்.

பெரிய சட்டியில் தண்ணீர் வைத்தேன். என் சிறிய சட்டியை அவர் மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எங்கள் வீட்டுப் பாத்திரத்தை அதனிடத்தில் இறக்கினார். பையிலிருந்து ரோஸ் வாட்டரை எடுத்து வைத்துவிட்டு, பாதாம் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஊற்றினார். என் மெழுகை வாங்கி, சுண்டுவிரல் நுனியளவு கிள்ளிப் போட்டார்.

"இவ்வளவுதானா?"

"இது விரலுக்கு சம்பந்தி. நூலுக்கு இல்ல."

ரோஸ் வாட்டரைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அதே வெந்நீரில் நிறுத்தினேன். மெழுகு கரைந்து எண்ணெய் தெளிந்ததும் பாத்திரத்தை இறக்கி நான் கிண்ட ஆரம்பித்தேன். அவர் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"ஒரே பக்கமாக் கிண்டுங்க."

"எனக்குச் சொல்றீங்களா?"

"கை வலிச்சா குடுங்க."

"நீங்க சொட்டைப் பாருங்க. மூணு சொட்டாச் சேர்ந்து விழுது."

"எண்ணிக்கிட்டா இருக்கீங்க?"

பாத்திரத்தில் இருந்தது மெல்ல வெளுத்தது. பிறகு தடித்தது. ஆறி முடிந்து கரண்டியைத் தூக்கியபோது கூம்பாக நின்று, நுனி மட்டும் லேசாகச் சாய்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் தனியாக இல்லை. சம்பந்தி ஒரு விரலால் தொட்டுப் புறங்கையில் தேய்த்தார். அவரைத் தெரிந்த நாளிலிருந்து, அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

போகும்போது முறைகளைச் சொன்னார். கையைக் கழுவி, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் போட வேண்டும். தூங்கும்போது பருத்தித் துணியில் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் கலந்தது என்பதால் டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். கல்யாணம்வரை விரலால் தாள் மடிக்கக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பட்டறையில் மரத்துண்டை எடுத்தபோது ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி வீட்டில் என்னைக் கையுறைத் துரை என்று கூப்பிட ஆரம்பித்தாள். "துரை, கதவைச் சாத்துங்க." "துரை, தண்ணி மோந்து தரட்டா?"

டப்பா தீர்ந்தது. இன்னொன்று காய்ச்சினோம். வெடிப்புகள் மூடின. ஒரு காலையில், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மகள் வழக்கம்போலப் போனை நீட்டினாள். வழக்கம்போல வைத்தேன். ரேகை பதிந்துவிட்டது. அவளும் அவள் அம்மாவும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் சன்னலைத் திறந்தார்கள். நான் "ம்" என்று சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தேன்.

கல்யாணத்தன்று காலையில் மகள் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "இன்னைக்குப் போடாதீங்கப்பா. வழுக்கும்." நானும் தலையாட்டினேன். ஆனால் நாளைக்கென்றா அதைச் சேமித்து வைப்பது? அவள் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது ஃப்ரிட்ஜைத் திறந்து, ஒரு பாதுகாப்புக்காக, எல்லா விரலுக்கும் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொண்டேன். கட்டைவிரலை மட்டும் கைக்குட்டையில் ஒற்றிக்கொண்டேன்.

அதே அதிகாரி. அதே கருவி. என் மகள் எனக்குப் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு என் விரலையே பார்த்தார். சம்பந்திக்குப் பின்னால் அவருடைய அண்ணன், எதற்கும் இருக்கட்டும் என்று வந்தவர் மாதிரி, கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார்.

விரலை வைத்தேன்.

பச்சை. மணியும் அடித்தது.

மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நேராகத்தான் நின்றேன். சம்பந்தியின் அண்ணன் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அடுத்து சம்பந்தி தன் விரலை, மணி அடிப்பதற்கு முன்பே சிரித்துக்கொண்டு, வைத்தார். சிவப்பு. சிரிப்பு போய்விட்டது. மறுபடி வைத்தார். சிவப்பு. விரலைத் தன் வேட்டியில் தேய்த்து வைத்தார். சிவப்பு.

"கவலைப்படாதீங்க சம்பந்தி," என்றேன். "என் மச்சான் ஒருத்தர் சும்மாதான் இருக்காரு. போன் பண்ணட்டுமா?"

மாப்பிள்ளைக்கு இருமல் வந்துவிட்டது. அதிகாரி எழுந்து கருவியைக் கையில் எடுத்து, கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "யாரோ எண்ணெயை அப்பிட்டுப் போயிருக்காங்க," என்று துணியால் துடைத்தார். சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். துடைத்த பிறகு அவருக்கும் பச்சை எரிந்தது.

பிறகு கையெழுத்து. அதற்குத்தானே வந்தது. சட்டைப்பையிலிருந்து புதுப் பேனாவை எடுத்தேன். என் பெயரை எழுத ஆரம்பித்தேன். பேனா விரல்களுக்கிடையில் மீன் மாதிரி நழுவியது. இறுக்கிப் பிடித்தேன். இன்னும் நழுவியது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. எப்படியோ பெயரை முடித்துக் கோட்டை இழுத்தேன். கோடு என் கட்டத்தில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுச் சாட்சியின் கட்டத்துக்குள் புகுந்து, சம்பந்தி கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு நேர் கீழே போய் நின்றது. புள்ளியை வேறு எங்கே வைப்பது? அங்கேயே வைத்தேன்.

அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"செல்லுமாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"தாராளமாச் செல்லும். அதான் ரேகை விழுந்துடுச்சே," என்றார் அவர்.

சம்பந்தி என் பேனாவை வாங்கினார். கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்தார். என் கோட்டுக்கு மேலே, அது தனக்காகவே போட்ட கோடு மாதிரி, தன் பெயரை எழுதினார். "எனக்கும் சேர்த்து நீங்களே புள்ளி வெச்சுட்டீங்க சம்பந்தி. எங்க குடும்பத்துல இதுவரைக்கும் புள்ளி கிடையாது," என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

அந்தச் சான்றிதழின் நகலுக்கு நானே அட்டை கட்டி, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். கையெழுத்து ஏன் அப்படி இருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். அந்த அலுவலகத்தில் மேசைக்கு ஒரு கால் குட்டை என்று சொல்கிறேன். எல்லோரும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். சம்பந்தி மட்டும் அந்த நேரத்தில் இருந்தாரானால், ஒன்றும் பேசாமல் எழுந்து போய் எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே இருக்கும் க்ரீம் டப்பாவைப் பார்த்துவிட்டு வருவார்.